வைரஸை விட்டுவிட்டு எங்கள் புரதத்தை ஏன் நிறுத்த வேண்டும்?

ஒட்டுசுட்டான் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "இன்புளுவன்சாக் காய்ச்சலுக்கு வைரஸைத் தாக்காமல் எங்கட உடம்பில இருக்கிற புரதங்களை நிப்பாட்டியும் வைத்தியம் செய்யலாம் எண்டு வாசிச்சன். எங்கட புரதத்தை நிப்பாட்டினால் கேடு எங்களுக்குத்தானே? வைரஸுக்கே மருந்து இருக்கேக்க இது எதுக்கு? கோழியின்ர வைரஸ் மனுசருக்கு வாறதும் வராததும் இந்தப் புரதங்களிலதான் தங்கியிருக்காம். அது மெய்யோ?"

உயர்தரத்தில் உயிரியல் படித்தவர் என்று சொல்லியிருப்பதால் கொஞ்சம் உள்ளே போயே பதில் சொல்கிறேன். அவசரக்காரருக்கு முதலே சொல்லிவிடுகிறேன். கடைசிக் கேள்விக்கு விடை, பெரும்பாலும் மெய். முதல் கேள்விக்கு விடை, எந்தப் புரதம், எத்தனை நாள் என்பதைப் பொறுத்தது. நடுவில் உள்ளதுதான் சுவையான கேள்வி: வைரஸுக்கான மருந்துகள் இருக்கின்றன, ஆனால் அவை ஒவ்வொன்றாகப் பலனிழந்து வருகின்றன.

இன்புளுவன்சா ஏ வைரஸின் முழுச் சொத்தும் 8 ஆர்.என்.ஏ. துண்டுகள்தான். அவற்றிலிருந்து பத்துக்குச் சற்று மேற்பட்ட புரதங்கள் உருவாகின்றன. எங்களிடம் புரதத்துக்கான பரம்பரையலகுகள் ஏறத்தாழ 20,000 உண்டு. வைரஸிடம் புரதம் கட்டும் ரைபோசோம் கிடையாது, சக்தி தரும் ஏ.ரி.பி. கிடையாது, தன் ஆர்.என்.ஏ.யை வெட்டி ஒட்டும் பொறியும் கிடையாது. கலத்துக்குள் நுழைவது தொடங்கி வெளியேறுவது வரைக்கும் ஒவ்வொரு படியிலும் எங்கள் புரதம் ஒன்றின் கையைப் பிடித்துத்தான் அது நடக்கிறது. "வைரஸ் தாக்கியது" என்று நாங்கள் சொல்வதில் பாதி வேலையைச் செய்வது எங்கள் கலம்.

வாசலில் இருந்து தொடங்குவோம். வைரஸின் மேற்பரப்பில் உள்ள ஹீமக்ளூட்டினின் என்ற புரதம் எங்கள் கலத்தின் மேலுள்ள சியாலிக் அமிலத்தைப் பற்றிக்கொள்கிறது. அது ஒரு வெல்லம். மேற்பரப்புப் புரதங்களின் நுனியில் தொங்குகிறது. தொங்கும் விதம் இரண்டு. எங்கள் மூக்கிலும் தொண்டையிலும் பெரும்பாலும் ஆல்பா 2,6 பிணைப்பு. தாராவின் குடலில் ஆல்பா 2,3 பிணைப்பு. பறவை வைரஸுக்குப் பிடித்தது பின்னையது. எங்களுக்கும் ஆல்பா 2,3 இல்லாமலில்லை. சுவாசப்பையின் ஆழத்திலும் கண்ணின் மேற்படலத்திலும் உண்டு. அதனால்தான் பறவைக் காய்ச்சல் மனிதருக்கு அரிதாகவே வருகிறது, வந்தால் சிலருக்குச் சுவாசப்பையின் அடிவரை போய்ப் பொல்லாததாகிறது, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இலேசில் தாவுவதில்லை. மேல்தொண்டையில் பெருகாத வைரஸ் இருமலில் எப்படி வெளியே வரும்?

அடுத்த படியில் கொஞ்சம் நின்று போகவேண்டும். எங்கள் புரதத்தைக் குறிவைக்கும் வைத்தியம் என்று நான் நம்பிக்கை வைத்திருப்பது இங்கேதான்.

ஹீமக்ளூட்டினின் உருவாகும்போது ஒரே சங்கிலியாகவே உருவாகிறது. அந்த நிலையில் அது ஒட்டும், ஆனால் கலத்தின் மென்சவ்வோடு கலக்காது. கலப்பதற்கு அந்தச் சங்கிலி ஒரு குறிப்பிட்ட இடத்தில் வெட்டுப்பட வேண்டும். வெட்டும் கத்தி வைரஸிடம் இல்லை. எங்கள் மூச்சுக்குழாய்க் கலங்களின் மேல் இருக்கும் ரி.எம்.பி.ஆர்.எஸ்.எஸ்-2 போன்ற புரதச்சிதைப்பு நொதியங்கள்தான் வெட்டிக் கொடுக்கின்றன. ஆய்வுகூடத்தில் இதைக் கண்ணால் காணலாம். இன்புளுவன்சாவை வளர்க்க வழக்கமாகப் பயன்படுத்தும் நாய்ச் சிறுநீரகக் கலங்களைத் தட்டில் படரவிட்டு, வைரஸைச் சேர்த்து, மேலே வளர்ப்பூடகத்தை ஊற்றுகிறோம். அந்த ஊடகத்தில் புரதம் வெட்டும் நொதியமான திரிப்சினைத் துளி கலக்க மறந்தால் இரண்டு மூன்று நாள் கழித்தும் தட்டு அப்படியே பளிச்சென்று இருக்கும். முதல் சுற்றில் உள்ளே போன வைரஸ் பெருகியிருக்கும். வெளியே வந்த வைரஸ் குஞ்சுகள் வெட்டுப்படாததால் பக்கத்துக் கலத்துக்குள் போக வழியில்லாமல் கிடக்கும். திரிப்சின் கலந்த தட்டிலோ கலங்கள் செத்துக் குழி குழியாக விழுந்திருக்கும். கோழி முட்டையில் வளர்க்கும்போது இந்தத் தொல்லை இல்லை. கருவைச் சூழ்ந்த பாய்மத்திலேயே வெட்டும் நொதியம் இருக்கிறது.

கோழிக்காரருக்கு வேண்டிய விஷயமும் இதே இடத்தில் இருக்கிறது. சாதாரணப் பறவை வைரஸின் வெட்டுமிடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோவமிலம் ஒன்றே ஒன்று இருக்கும். அதை வெட்டும் நொதியங்கள் கோழியின் சுவாசக்குழாயிலும் குடலிலும் மட்டும் உள்ளன. தொற்றும் அங்கேயே நிற்கும். கோழி சோர்ந்து போகும், முட்டை குறையும், அவ்வளவுதான். எச்-5, எச்-7 வகைகளில் (எச் என்பது ஹீமக்ளூட்டினினின் வகையைக் குறிக்கும்) சில வேளை அந்த இடத்தில் ஆர்ஜினினும் லைசின் என்ற இன்னொரு அமினோவமிலமும் வரிசையாகச் சேர்ந்துவிடும். அப்படிப்பட்ட வரிசையை வெட்டுவது ஃபியூரின் என்ற நொதியம். அது உடம்பின் எல்லாக் கலங்களிலும் இருக்கிறது. பிறகென்ன, மூளை, இதயம், ஈரல் என்று வைரஸ் எங்கும் போகும். பண்ணை ஓரிரு நாளில் வெறுமையாகும். கோழியின் உடம்பில் ஒரு மாற்றமும் இல்லை. வைரஸ் எந்தக் கத்தியை நாடுகிறது என்பது மட்டும்தான் மாறியது.

இனி மருந்துக் கதை. ரி.எம்.பி.ஆர்.எஸ்.எஸ்-2 பரம்பரையலகை நீக்கிய எலிகள் சுகமாக வாழ்கின்றன, குட்டி போடுகின்றன, குறையொன்றும் தெரியவில்லை. அந்த எலிகளுக்கு எச்1என்1 அல்லது எச்7என்9 கொடுத்தால் நோய் பெரிதாக வருவதில்லை. ஒரு நொதியம் இல்லாவிட்டாலும் உடம்புக்கு நட்டமில்லை, வைரஸுக்குத்தான் நட்டம் என்றால் அதைவிட நல்ல இலக்கு வேறென்ன? ஆனால் எச்3என்2 வைரஸுக்கு அந்தப் பாதுகாப்பு அவ்வளவாக இல்லை. அது வேறு நொதியங்களையும் பயன்படுத்தத் தெரிந்தது. யப்பானில் சதையி அழற்சிக்குக் கொடுக்கப்படும் கமொஸ்டாட் என்ற மாத்திரை இந்த நொதியத்தைத் தடுக்கிறது. கோவிட் வைரஸும் இதே நொதியத்தை நாடுவதால் அந்த மாத்திரையை மருத்துவமனையில் சேர்ந்த கோவிட் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. ஆய்வுகூடத் தட்டில் நன்றாக வேலை செய்த மருந்து கட்டிலில் கிடக்கும் நோயாளியிடம் தோற்பது புதிதல்ல. நோய் முற்றிய பிறகு கதவைப் பூட்டினால் உள்ளே போனது போனதுதான்.

உள்ளே போன வைரஸ் ஒரு சிறு பைக்குள் அடைபட்டிருக்கும். அந்தப் பைக்குள் புரோத்தன்களைப் பம்புவது எங்களுடைய ஏ.ரி.பி. பம்பி. பீ.எச். ஏறத்தாழ 5 வரை இறங்கியதும் வெட்டுப்பட்ட ஹீமக்ளூட்டினின் மடிப்பு விரிந்து இரு மென்சவ்வுகளையும் கலக்கச் செய்கிறது. வைரஸின் எம்-2 என்ற புரத வாயில் வழியாக அமிலம் உள்ளே போய் ஆர்.என்.ஏ. பொதியை அவிழ்க்கிறது. 1960களில் வந்த அமன்டடீன் அந்த எம்-2 வாயிலை அடைக்கும் மருந்து. வைரஸ் எம்-2வில் ஒரே ஒரு அமினோவமிலத்தை மாற்றியது. 2000களின் நடுப்பகுதிக்குள் எச்3என்2 வைரஸ்களில் பெரும்பாலானவை அந்த மருந்தை மதிக்காமல் விட்டன. 2009இல் உலகெங்கும் பரவிய எச்1என்1 வரும்போதே அதற்கு எதிர்ப்புடன்தான் வந்தது. இன்று இன்புளுவன்சாவுக்கு யாரும் அதை எழுதிக் கொடுப்பதில்லை.

ஒசெல்டமிவிர் கதையும் அதே வழியில் கொஞ்சத் தூரம் போனது. டமிஃபுளூ என்று பெயர் கேட்டிருப்பீர்கள். 1999இல் வந்தது. பிறந்த வைரஸ் கலத்தைவிட்டு அறுத்துக்கொண்டு போக உதவும் நியூராமினிடேஸ் என்ற வைரஸ் நொதியத்தை (எச்1என்1 போன்ற பெயர்களில் வரும் 'என்' இதுதான்) அது தடுக்கும். 2007க்கும் 2009க்கும் இடையில் பருவகால எச்1என்1இல் எச்275வை என்ற விகாரம் பரவி, அந்த வகை ஏறத்தாழ முழுவதும் மருந்துக்கு அடங்காததாயிற்று. 2009இல் புதிய வகை வந்து பழையதைத் துரத்தியது. புதியது மருந்துக்கு அடங்கியது. மருந்தைக் காப்பாற்றியது எங்கள் கெட்டித்தனம் அல்ல, அதிர்ஷ்டம். 2018இல் யப்பானிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்ற பலொக்சவிர் ஒரே வேளை விழுங்கும் மருந்து. அதன் பெரிய சோதனையிலேயே மருந்து எடுத்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவரிடம் எதிர்ப்பு விகாரம் தலைகாட்டியது.

வைரஸின் ஆர்.என்.ஏ. பிரதி எடுக்கும் நொதியம் பிழைகளைத் திருத்துவதில்லை. எழுதும்போதே பிழை விட்டுக்கொண்டு போகும். மருந்து பிடிக்கும் இடம் அதன் சொந்தப் புரதத்தில் இருந்தால், அந்த இடத்தை ஒரு நாளில்லாவிட்டால் ஒரு நாள் மாற்றிவிடும். எங்கள் புரதத்தின் பரம்பரையலகு எங்கள் டி.என்.ஏ.யில் இருக்கிறது, அதை வைரஸ் மாற்றமுடியாது. எங்கள் புரதத்தை நிறுத்தும் வைத்தியத்தின் மூல நியாயம் இவ்வளவுதான்.

"எங்கட புரதம் எண்டபடியால் வைரஸ் ஒருநாளும் பழகாது" என்று சில கட்டுரைகள் அடித்துச் சொல்கின்றன. அதை நம்பாதீர்கள். வைரஸ் எங்கள் புரதத்தை மாற்றமுடியாதுதான். வேறொரு புரதத்தை நாடலாமே. இதற்கு நல்ல சாட்சி உங்கள் தொழிலில் இருந்தே வருகிறது.

வைரஸ் கலத்தின் கருவுக்குள் போய்த்தான் பிரதி எடுக்கிறது. உள்ளே கூட்டிச் செல்வது இம்போர்ட்டின்கள் என்ற எங்கள் புரதங்கள். உள்ளே போனதும் அதன் பிரதி எடுக்கும் நொதியத்துக்கு ஏ.என்.பி-32ஏ என்ற எங்கள் புரதம் துணை நிற்க வேண்டும். கோழியின் ஏ.என்.பி-32ஏயில் 33 அமினோவமிலங்கள் கொண்ட ஒரு துண்டு கூடுதலாக இருக்கிறது. மனிதரில் அது இல்லை. கோழிப் புரதத்தோடு பழகிய வைரஸ் நொதியம் மனிதக் கலத்தில் தடுமாறுவது இதனால்தான். தடுமாற்றம் தீர, பி.பி-2 என்ற வைரஸ் புரதத்தின் 627ஆவது இடத்தில் குளூட்டமிக் அமிலம் லைசினாக மாறினால் போதும். அந்த மாற்றம் 1990களின் தொடக்கத்திலேயே தெரிந்திருந்தது. ஏன் அப்படி என்ற காரணம் 2016இல்தான், லண்டன் இம்பீரியல் கல்லூரியில் வெண்டி பார்க்கிளேயின் குழு ஏ.என்.பி-32ஏயைக் கண்டுபிடித்தபோது விளங்கியது. பன்றியின் ஏ.என்.பி-32ஏ பறவை வைரஸுக்கு மனிதப் புரதத்தைவிடக் கொஞ்சம் இடம் கொடுக்கிறது. பன்றியும் கோழியும் ஒரே வளவில் வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

2023இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் கோழியின் ஏ.என்.பி-32ஏயில் இரண்டு அமினோவமிலங்களை மட்டும் மாற்றிய கோழிகளை வளர்த்தார்கள். இயற்கையில் தொற்றக்கூடிய அளவு எச்9என்2 என்ற பறவை வைரஸைக் கொடுத்தபோது பத்தில் ஒன்பது கோழிகளுக்குத் தொற்றவே இல்லை. ஆயிரம் மடங்கு கொடுத்தபோது பத்தில் ஐந்துக்குத் தொற்றியது. தொற்றிய கோழிகளில் இருந்த வைரஸைப் பார்த்தால், அது மாறியிருந்தது. மாற்றப்பட்ட புரதத்தோடு எப்படியோ சமாளிக்கவும், அதன் உறவுகளான ஏ.என்.பி-32பி, ஏ.என்.பி-32ஈ ஆகியவற்றை நாடவும் பழகியிருந்தது. மூன்றையும் சேர்த்து நீக்கிய கோழிக் கலங்களில்தான் வைரஸ் வளரவே இல்லை. எனவே எங்கள் புரதத்தைக் குறிவைத்தால் வைரஸ் பழகுவது கடினமாகும், தாமதமாகும், முடியாததாகிவிடாது. ஒன்றுக்குப் பதில் இன்னொன்று நிற்கக்கூடிய புரதக் குடும்பங்களில் இந்த ஆபத்து அதிகம்.

கருவுக்குள் நடக்கும் மற்ற வேலைகளை ஓட்டமாகச் சொல்கிறேன். எங்கள் தூது ஆர்.என்.ஏ.க்களின் தலைப்பை ஏறத்தாழ 10 முதல் 13 நியூக்ளியோரைட்டுகளோடு வெட்டி எடுத்துத் தன் ஆர்.என்.ஏ.யின் தலையில் வைத்துக்கொள்கிறது வைரஸ். ரைபோசோம் அதை எங்களுடையது என்றே நம்பும். பலொக்சவிர் தடுப்பது அந்த வெட்டைத்தான். வைரஸின் இரண்டு துண்டுகளை வெட்டி ஒட்டிக் கொடுப்பது எங்கள் கலத்தின் பொறி. செய்து முடித்த பொதியைக் கருவுக்கு வெளியே அனுப்புவது சி.ஆர்.எம்-1 என்ற எங்கள் ஏற்றுமதிப் புரதம். அந்த ஏற்றுமதி நடக்க எம்.ஈ.கே. என்ற சைகை நொதியம் வேலை செய்ய வேண்டும் என்று 2001இல் செருமானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதைத் தடுத்தால் வைரஸ் பொதிகள் கருவுக்குள்ளேயே தேங்கி நிற்கும்.

இந்த எம்.ஈ.கே.யைப் புற்றுநோய்க்காரருக்கு மாதக்கணக்கில் தடுத்து வைக்கிறார்கள்; தோலில் கொப்புளம், வயிற்றோட்டம், கண் கோளாறு என்று பக்கவிளைவுகள் வருகின்றன. இன்புளுவன்சாவுக்கு ஐந்து நாள் தடுத்தால் போதும். உங்கள் முதல் கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. வயலில் அறக்கொட்டிப் பூச்சி விழுந்தால் சில நாள் தண்ணீரை வடியவிட்டுக் காயப்போடுவோம் அல்லவா? நெல்லுக்கும் தண்ணீர் வேண்டும்தான், ஆனால் நெல் அந்தச் சில நாளைத் தாங்கும், அறக்கொட்டி தாங்காது. எங்கள் புரதத்தை நிறுத்தும் வைத்தியமும் அந்தக் கணக்குத்தான். கணக்குப் பிழைத்தால் கேடு எங்களுக்கு என்ற உங்கள் பயமும் நியாயமானதே. ஏ.ரி.பி. பம்பியைத் தடுக்கும் பஃபிலோமைசின் என்ற பொருள் தட்டில் இன்புளுவன்சாவை அடியோடு நிறுத்தும். ஆனால் அந்தப் பம்பி இல்லாமல் எந்தக் கலமும் பிழைக்காது என்பதால் அது மருந்தாகவில்லை.

2009க்கும் 2010க்கும் இடையில் மனிதக் கலங்களின் பரம்பரையலகுகளை ஒவ்வொன்றாக அடக்கிப் பார்த்து, இன்புளுவன்சாவுக்கு எவை வேண்டும் என்று பெரிய பட்டியல்கள் வெளியாகின. ஒரு குழு 295 என்றது, இன்னொன்று 287 என்றது. ஆயிரம் மருந்துகள் வரப்போகின்றன என்று அப்போது ஆரவாரம். பட்டியல்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் பொதுவாக இருந்தவை சொற்பம். அமிலப் பம்பியும் கருவுக்குள் அனுப்பும் வழியும் திரும்பத் திரும்ப வந்தன. மற்றவற்றில் பல அந்தந்தக் கலத்துக்கும் அந்தந்த வைரஸுக்கும் மட்டும் பொருந்துபவை. என் அபிப்பிராயத்தில் அந்தப் பட்டியல்களில் இருந்து மருந்துக்கு உதவக்கூடியவை விரல்விட்டு எண்ணக்கூடியவையே.

பலருக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். வைரஸுக்கு எதிரான மருந்து என்கிறோமே, அதுவே எங்கள் புரதம் இல்லாமல் வேலை செய்யாது. டமிஃபுளூவாக விழுங்குவது மருந்தின் மூடிய வடிவம். ஈரலில் உள்ள கார்பொக்சிலெஸ்டெரேஸ்-1 என்ற நொதியம் அதை வெட்டித் திறந்த பிறகுதான் நியூராமினிடேஸைப் பிடிக்கும். பலொக்சவிரும் அப்படித்தான், வேறொரு நொதியம் திறந்துவிடுகிறது. மூச்சோடு இழுக்கும் சனமிவிர் என்ற மருந்து இதற்குக் காத்திருப்பதில்லை. நேரே போய்ச் சேரும், ஆனால் ஆஸ்துமாக்காரருக்கு மூச்சு முட்டவைக்கலாம்.

இதுவரை வைரஸுக்கு உதவும் புரதங்களையே சொன்னேன். எதிர்த்து நிற்பவையும் உண்டு. 1957இல் ஐசக்ஸ், லிண்டன்மன் என்ற இரு ஆய்வாளர்கள் கோழி முட்டையின் கருவைச் சூழும் மென்சவ்வில் வெப்பத்தால் செயலிழந்த இன்புளுவன்சா வைரஸைப் போட்டு இன்டர்ஃபெரோனைக் கண்டுபிடித்தார்கள். தொற்றிய கலம் அயல் கலங்களுக்கு அனுப்பும் அபாய அறிவிப்பு அது. அதைக் கேட்ட கலங்கள் நூற்றுக்கணக்கான புரதங்களை ஆக்கும். அவற்றில் ஐ.எஃப்.ஐ.ரி.எம்-3 வைரஸ் அடைபட்ட அந்தச் சிறு பையின் மென்சவ்வை இறுக்கி, கலக்க விடாமல் செய்யும். எம்.எக்ஸ்-ஏ கருவுக்குள் போகவிருக்கும் வைரஸ் பொதியைச் சுற்றிப் பிடிக்கும். 2012இல் வெளியான ஆய்வொன்றில், இன்புளுவன்சாவால் மருத்துவமனையில் கிடந்தவர்களிடம் ஐ.எஃப்.ஐ.ரி.எம்-3இன் ஒரு குறிப்பிட்ட வடிவம் சாதாரண மக்களைவிட அதிகமாகக் காணப்பட்டது. 2015இல் வெளியான ஆய்வில், சாதாரண இன்புளுவன்சாவால் செயற்கைச் சுவாசம் வரை போன ஒரு பிரெஞ்சுச் சிறுமியிடம் ஐ.ஆர்.எஃப்-7 என்ற பரம்பரையலகின் இரு பிரதிகளும் பழுதாக இருந்தன. அவளால் போதிய இன்டர்ஃபெரோன் ஆக்கமுடியவில்லை. ஒரே வீட்டில் ஒரே காய்ச்சல் ஒருவரை இரண்டு நாளில் விட்டுவிட்டு மற்றவரை ஏன் கட்டிலில் போடுகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சீனாவில் 2013இல் தொடங்கிய எச்7என்9 தொற்றில், நோயாளிகளாகியவர்களிடம் எம்.எக்ஸ்-ஏயைப் பழுதாக்கும் அரிய விகாரங்கள் இருப்பதை 2021இல் காட்டினார்கள். ஒப்பிட்டுப் பார்த்தது கோழிகளோடு வேலை செய்தும் நோயாளி ஆகாதவர்களோடு. 2023இல் கிளாஸ்கோவில் பி.ரி.என்-3ஏ-3 என்ற இன்னொரு காவல் புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். பறவை வைரஸ்களை அது எங்கள் கலத்தில் அடக்கும். மனிதரைத் தொற்றிய பறவை வைரஸ்கள் பலவற்றில் இதற்குத் தப்பும் மாற்றம் ஏற்கெனவே இருக்கிறது. எனவே தம்பி, கோழியில் இருந்து மனிதருக்கு வருவதற்கு வைரஸ் பல வேலிகளைத் தாண்ட வேண்டும்: சியாலிக் அமிலம், ஏ.என்.பி-32ஏ, எம்.எக்ஸ்-ஏ, பி.ரி.என்-3ஏ-3. ஒன்றைத் தாண்டியது மற்றதில் சிக்கும். அதனால்தான் அடிக்கடி நடப்பதில்லை.

இடையில் ஒரு சங்கதி. ஆய்வுகூட எலிகளில் பெரும்பாலான வகைகளுக்கு, எம்.எக்ஸ்-ஏயின் எலி வடிவமான எம்.எக்ஸ் புரதம் பழுது. 1960களில் லிண்டன்மன் தற்செயலாகக் கண்ட ஏ2ஜி என்ற எலி வகை இன்புளுவன்சாவுக்கு அசையாமல் நின்றதால்தான் எம்.எக்ஸே தெரியவந்தது. "எலியில் வெற்றி" என்ற தலைப்பைப் பார்த்தால் எந்த எலி என்று கேளுங்கள்.

காவல் புரதங்களைத் தூண்டிவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். மருந்துக்கடைகளில் "எதிர்ப்புச்சக்தியைக் கூட்டும்" என்று எழுதிய போத்தல்கள் நிறைய. இன்புளுவன்சாவில் சாகிறவர்களில் ஒரு பகுதியினர் வைரஸ் மிகுந்து சாவதில்லை. தங்கள் உடம்பின் அழற்சி மிகுந்து சுவாசப்பைக்குள் நீர் கோர்த்துச் சாகிறார்கள். இன்டர்ஃபெரோன் தொடக்கத்தில் நல்லது. பிந்தி வந்தால் சுவாசப்பைக் கலங்கள் ஆறுவதையே தடுக்கிறது. மறுபக்கமாக, அழற்சியை அடக்க ஸ்டீரோயிட் கொடுத்தால் இன்புளுவன்சாவில் நிலைமை மோசமாகலாம் என்றே அவதானிப்பு ஆய்வுகள் காட்டுகின்றன. கோவிட்டில் உதவியது இங்கே உதவும் என்று நினைத்து யாராவது வீட்டில் கிடந்த பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரோயிட் மாத்திரையைக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

வன்னியில் இருந்துகொண்டு இந்தப் புரதக் கதையைச் சிகிச்சைக்கு எப்படிப் பாவிப்பது? இன்றைக்கு இன்புளுவன்சாவுக்கென்று நடைமுறையில் எழுதப்படுவது ஒசெல்டமிவிர்தான். எங்கள் புரதத்தைக் குறிவைப்பவை இன்னும் சோதனை நிலையில். ஒசெல்டமிவிர் காய்ச்சல் தொடங்கி 48 மணித்தியாலத்துக்குள் எடுத்தால் நல்ல பலன். கர்ப்பிணிகள், சிறுகுழந்தைகள், வயோதிபர், ஆஸ்துமா, நீரிழிவு, இதய நோய் உள்ளவர்களுக்கு அதற்குப் பிறகும் கொடுப்பதுண்டு. மற்றவருக்குத் தேவையா என்பதை மருத்துவர் பார்த்துத் தீர்மானிப்பார். நோய்ப் பருவம் இலங்கையில் இரண்டு முறை ஏறும்: சித்திரையில் இருந்து ஆனி வரை ஒன்று, கார்த்திகையில் இருந்து தை வரை மற்றது. இரண்டாவது எங்கள் மாரியோடும் காலபோக வேலையோடும் ஒன்றாக வருவதுதான் சிக்கல். அதே நேரத்தில் டெங்கும் இருக்கும், வயலில் எலிக்காய்ச்சலும் இருக்கும். 2024 மார்கழியில் யாழ்ப்பாணத்தில் உயிர்களைக் குடித்த காய்ச்சலை முதலில் என்னவென்று தெரியாமல் பதறி, பிறகு எலிக்காய்ச்சல் என்று கண்டது ஞாபகமிருக்கும். மூன்றிலும் முதல் இரண்டு நாள் காய்ச்சல், உடம்பு உளைவு, தலையிடி ஒன்று போலத்தான். இருமலும் தொண்டை நோவும் இருந்தால் இன்புளுவன்சாப் பக்கம் சாயலாம், ஆனால் நிச்சயமில்லை. வயலில் இறங்கியவருக்குக் காய்ச்சல் என்றால் அதை வைத்தியரிடம் சொல்லியே ஆகவேண்டும். எலிக்காய்ச்சலுக்கு நுண்ணுயிர்கொல்லி தேவை, இன்புளுவன்சாவுக்கு அது உதவாது.

பரசிற்றமோலைத் தவிர வேறு வலிமாத்திரை போடாதீர்கள். டெங்காக இருந்தால் இபுபுரோபனும் டிஸ்பிரினும் குருதிக்கசிவைக் கூட்டும். இன்புளுவன்சாக் காய்ச்சலோடு இருக்கும் பிள்ளைகளுக்கு டிஸ்பிரின் கொடுத்தால் ரேய் நோய் என்று ஈரலையும் மூளையையும் தாக்கும் ஒன்று வரலாம்; அரிதுதான், வந்தால் பொல்லாதது. கொத்தமல்லி அவித்துக் குடிப்பதில் பிழையில்லை, தண்ணீராவது உள்ளே போகும். மூச்சு வாங்கினால், நெஞ்சு நொந்தால், விட்ட காய்ச்சல் திரும்பி வந்தால், பிள்ளை குடிக்காமல் சோர்ந்து கிடந்தால் ஓ.பி.டி. வரிசையை நினைத்து யோசிக்காமல் கொண்டுபோங்கள். விட்ட காய்ச்சல் திரும்புவது பெரும்பாலும் பற்றீரியா நிமோனியா. அப்போதுதான் நுண்ணுயிர்கொல்லிக்கு வேலை.

கடைசியாகப் பண்ணை. மாரியில் மன்னார் வங்காலைப் பக்கமும் கட்டுக்கரைக் குளத்திலும் வடக்கில் இருந்து தாராக்கள் கூட்டமாக வந்திறங்கும். காட்டுத் தாராக்கள் உலகெங்கும் இந்த வைரஸ்களை நோயில்லாமல் குடலில் வைத்துக்கொண்டு எச்சத்தோடு குளத்தில் விடுபவை. கேரளத்தில் 2014இல் ஆலப்புழைப் பக்கம் வளர்ப்புத் தாராக்களிடையே எச்5என்1 வந்து பெருந்தொகையில் அழித்தது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். உங்கள் பண்ணைக்குக் குளத்துத் தண்ணீரை அள்ளிவந்து ஊற்றுகிறீர்கள் என்றால், குளோரின் போட்டு வைத்துவிட்டுக் கொடுங்கள். கிணற்றுத் தண்ணீர் அதைவிட நல்லது. வீட்டுத் தாராவையும் புறொய்லர் கோழியையும் ஒரே கொட்டிலில் விடாதீர்கள். தீவனத்தட்டு கூரைக்குக் கீழே இருக்கட்டும், காகமும் கொக்கும் எட்டாமல். கொட்டிலுக்கென்று ஒரு சோடிச் செருப்பைத் தனியாக வையுங்கள், அதோடு வீட்டுக்கு வராதீர்கள்.

ஒன்றிரண்டு கோழி சாவது வேறு. ஒரு நாளுக்குள் பலது சுருண்டு விழுந்தால், கொண்டைப்பூ நீலம் பாரித்தால், தலை வீங்கினால் அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு உடனே அறிவியுங்கள். அதுவரைக்கும் செத்ததை வெறுங்கையால் தொடவோ, உரிக்கவோ, மலிவு விலைக்குக் கொடுக்கவோ, நாய்க்குப் போடவோ வேண்டாம். அந்தக் கிழமையில் உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ காய்ச்சல் வந்தால், அல்லது கண் சிவந்து நீர் வடிந்தால், வைத்தியரிடம் முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டியது கோழி செத்த கதையைத்தான். தொண்டையில் இருந்து எடுக்கும் மாதிரி கொழும்பில் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் உள்ள தேசிய இன்புளுவன்சா மையத்துக்குப் போகவேண்டுமா இல்லையா என்பதை அவர் அதை வைத்துத்தான் தீர்மானிப்பார்.